இன்டெக்ரிட்டி: சொல் எங்கிருந்து வந்தது, சிங்கப்பூரில் எப்படிப் புழங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவ்வப்போது அறிவிப்புகளை மொழிபெயர்த்தும் கொடுப்பேன். அதனால் இந்த ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெற்றோர், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், கட்டுமான நிறுவன மேற்பார்வையாளர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு 1951 வரை பின்னால் போகவேண்டியிருக்கிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இன்டெக்ரிட்டி என்றால் என்ன?

மனதில் இருப்பது, வாயில் வருவது, கையால் செய்வது மூன்றும் ஒன்றாக இருப்பது. அந்த ஒன்று நல்லதாகவும் இருக்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கீழே அதற்கென்றே ஒரு கேள்வி வருகிறது.

மனிதரைத் தவிர மற்றவற்றுக்கும் இச்சொல்லைச் சொல்வார்கள். கட்டடம், நாட்டின் எல்லை, கணினித் தரவு ஆகியவற்றைப் பேசும்போது ‘உடையாமல், குறையாமல், யாரும் கைவைக்காமல் இருப்பது’ என்று பொருள்.

எந்த மொழியிலிருந்து வந்த சொல்?

லத்தீன். ‘இன்டெகெர்’ என்றொரு சொல் அந்த மொழியில் உண்டு. அதில் ‘இன்’ என்பது ‘இல்லை’ என்று சொல்லும் முன்னொட்டு. பின்பாதி, தொடுதலைக் குறிக்கும் ‘டாங்கெரே’ என்ற வினையின் வேர். ஆக, நேர்ப்பொருள் ‘தொடப்படாதது’. யாரும் கைவைக்காத பொருள் முழுசாக இருக்கும் அல்லவா? அப்படித்தான் முழுமை, பழுதின்மை என்ற பொருள்கள் வந்தன. பிறகு மனிதரின் குணத்துக்கும் அதையே சொன்னார்கள். ‘இன்டெக்ரிடாஸ்’ என்பது அதன் பண்புப்பெயர்.

குணத்தைக் குறிக்கும் பொருள் பின்னாளில் ஆங்கிலேயர் சேர்த்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, லத்தீனிலேயே இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கவிஞர் ஹொராஸ், ‘வாழ்வில் பழுதற்றவன், குற்றமில்லாதவன்’ என்ற பொருளில் ‘இன்டெகெர் விடாய்’ என்று ஒரு பாட்டைத் தொடங்குகிறார். அத்தகையவனுக்கு ஈட்டியும் வில்லும் தேவையில்லையாம். பெரிய நீதிப் பாட்டு என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனால், கவிஞர் காதலியைப் பாடிக்கொண்டு காட்டில் திரிந்தபோது ஓநாய் ஒன்று அவரை விட்டு ஓடிய கதையில் போய் நிற்கிறது. பாதி விளையாட்டுத்தான்.

பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் இச்சொல் ஆங்கிலத்துக்குப் போனது. 1400களில் எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. மாசின்மை, முழுமை ஆகிய இரண்டு பொருளும் அப்போதே அதில் உண்டு.

கணக்குப் பாடத்தில் வரும் ‘இன்டிஜர்’ இதற்கு உறவா?

நெருங்கிய உறவு. முழு எண் என்றால் பின்னம் ஆகாத, உடையாத எண். லத்தீன் சொல் அப்படியே கணக்குக்கு வந்துவிட்டது. ‘இன்டாக்ட்’, ‘என்டயர்’, ‘இன்டக்ரேட்’ எல்லாம் இதே குடும்பம். தொடுதல் என்ற வேரை மட்டும் எடுத்துக்கொண்டு போன பங்காளிகளும் உண்டு: ‘கான்டாக்ட்’, ‘டாக்ட்’, கணக்கில் வரும் ‘டேன்ஜென்ட்’. இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தமிழில் ‘தொடுகோடு’ என்று பெயர். நம் பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில் படிப்பதால் அந்தத் தமிழ்ச் சொல் அவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை சொல்லிப்பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லலாம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் இன்னின்ன இனத்தார் இவ்வளவு பேர் என்று உச்சவரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ‘இன்டக்ரேஷன்’ இதே வேர்தான். பலவற்றைச் சேர்த்து ஒரு முழுமையாக்குவது அது. ஏற்கெனவே முழுமையாக இருப்பது சிதையாமல் நிற்பது இன்டெக்ரிட்டி.

ரோமானியப் படைவீரர்கள் மார்புக் கவசத்தைத் தட்டி ‘இன்டெக்ரிடாஸ்!’ என்று முழங்கியதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

அதை அனுப்பியவரிடம் எந்த ரோமானிய நூலில் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். பதில் வராது. ஊக்கப் பேச்சு மேடைகளில் சுற்றிக்கொண்டிருக்கும் கதை அது. நேர்மையைப் பற்றிய கதையை ஆதாரம் பார்க்காமல் அனுப்பிக்கொண்டிருப்பதும் வேடிக்கைதான்.

ரோமானியப் படையில் அந்தச் சொல் வேறு விதமாகப் புழங்கியது. ஜூலியஸ் சீசர் தன் போர்க் குறிப்புகளில், களைத்துப்போனவர்களின் இடத்துக்கு வந்து நிற்கும் புதிய வீரர்களை ‘இன்டெக்ரி’ என்கிறார். இன்னும் அடிபடாதவர்கள், தெம்பு குறையாதவர்கள் என்று அர்த்தம். ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

தமிழில் ‘நேர்மை’ என்று சொன்னால் போதாதா?

பெரும்பாலான இடங்களில் போதும். கல்வி அமைச்சு பள்ளிகளுக்கு வகுத்துள்ள ஆறு விழுமியங்களில் இதுவும் ஒன்று: மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம். அங்கே நேர்மை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பேச்சிலும் எழுத்திலும் எல்லாருக்கும் புரியும்.

ஆனாலும் இரண்டு சொல்லும் வேறு வேறு இடத்திலிருந்து கிளம்பியவை. நேர்மை ‘நேர்’ என்பதிலிருந்து வருகிறது, அதாவது கோணாமல் இருப்பது. பழைய நூல்கள் இதையே எதிர்ப்பக்கமாகத் திருப்பி ‘கோடாமை’ என்கின்றன. வழக்கு தீர்ப்பவர், எடை போடுபவர், கணக்கு எழுதுபவர் ஆகியோருக்கு மிகப் பொருத்தமான சொல். இன்டெக்ரிட்டியோ முழுமையிலிருந்து வருகிறது. ஒருவர் அலுவலகத்தில் மிக நேராக நடந்துகொள்வார். வீட்டில் மனைவியிடமும் பணிப்பெண்ணிடமும் வேறு ஆளாக இருப்பார். அவரை ‘அலுவலகத்தில் நேர்மையானவர்’ என்று தமிழில் சொல்லிவிடலாம். இன்டெக்ரிட்டி உள்ளவர் என்று சொல்லமுடியாது, ஏனென்றால் ஆள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்.

வாய்மை என்பது சொல்லில் உண்மை. அது இதன் ஒரு பகுதிதான். நாணயம் பண விஷயத்திலும் கொடுத்த வாக்கிலும் நம்பத்தகுந்த தன்மை. ‘கொடுக்கல் வாங்கலில் நாணயமான ஆள்’ என்போம்.

முழுமை என்ற கருத்தையே தாங்கி நிற்கும் தமிழ்ச் சொல் வேண்டுமானால் ‘சால்பு’ இருக்கிறது. ‘சாலச் சிறந்தது’ என்கிறோமே, அந்தச் ‘சால’வுக்கு மிகுதி, நிறைவு என்று பொருள். சால்பு என்றால் குணங்கள் நிறைந்திருப்பது. அப்படி நிறைந்தவர்கள் சான்றோர். லத்தீன்காரர் ‘எதுவும் குறையவில்லை’ என்று சொன்னதைத் தமிழர் ‘எல்லாம் நிறைந்திருக்கிறது’ என்று சொன்னார்கள். என் கணக்கில் இன்டெக்ரிட்டிக்கு மிக அருகில் நிற்கும் சொல் இதுதான். என்ன செய்வது, இன்று ‘சான்றோர்’ என்றால் மேடையில் பொன்னாடை வாங்குகிறவர் என்றாகிவிட்டது. நிறுவன அறிவிப்பில் ‘சால்பு’ என்று எழுதினால் தொலைபேசியில் அழைத்து என்னவென்று கேட்பார்கள்.

நாணயம் என்பது ‘நா நயம்’ தானே?

இல்லை. பட்டிமன்றத்தில் கைத்தட்டல் வாங்கும் சிலேடை அது. ‘நா’வுக்கும் ‘நயம்’ என்பதற்கும் தந்நகரம். நாணயத்தில் இருப்பது டண்ணகரம். வடமொழியில் காசைக் குறித்த ‘நாணக’ என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். முதலில் காசு, பிறகு காசைப் போலக் கைமாறும் நம்பிக்கை என்று பொருள் விரிந்ததாகவே எனக்குப் படுகிறது.

இந்தப் பொருள் விரிவைச் சிங்கப்பூரில் ஒரு தெருவே வாழ்ந்து காட்டியது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டை நம்மவர்கள் செட்டித் தெரு என்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து நகரத்தார் அங்கே கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்தினார்கள். கிட்டங்கி என்றால் நீண்ட கூடம். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், முன்னால் ஒரு மரப்பெட்டி. அதுதான் மேசை, அதுதான் கல்லா. இரவில் அங்கேயே படுக்கை. ஊரிலிருந்து வரும் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயருவான். முதலாளி கடல் தாண்டி ஊரில் இருப்பார். பணம் முழுக்கத் தெருவில் இருக்கும். பக்கத்துப் பெட்டிக்காரருக்கு எல்லாம் தெரியும், ஒருவரின் நாணயம் கெட்டால் மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். 1859இல் அவர்கள் டேங்க் ரோட்டில் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. கிட்டங்கிகள் 1970களின் நகரச் சீரமைப்பில் போய்விட்டன.

அந்தத் தொழிலை இப்படிப் புகழ்ந்து எழுதினால், கடனில் வீடு நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கோபம் வரலாம். அதுவும் நியாயமே. பெட்டிக்குள் இருந்த நாணயம் பெட்டிக்கு வெளியே எவ்வளவு தூரம் நீண்டது என்பது வேறு கேள்வி.

யாரும் பார்க்காதபோதும் சரியானதைச் செய்வதுதான் இன்டெக்ரிட்டி என்கிறார்களே?

நல்ல விளக்கம், பாதிதான். அந்த வரியைப் பெரிய எழுத்தாளர் பெயரெல்லாம் போட்டுப் படமாக அனுப்புகிறார்கள், பெயரை நம்பவேண்டாம்.

யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பையே வள்ளுவர் ஏற்பதில்லை. கூடாவொழுக்கம் அதிகாரத்தின் முதல் குறளில் (271), வஞ்ச மனம் கொண்டவனின் நடிப்பைப் பார்த்து அவன் உடம்புக்குள் இருக்கும் ஐம்பூதங்களும் சிரிக்கின்றன என்கிறார். தண்டிப்பதாகச் சொல்லவில்லை, சிரிப்பதாகத்தான் சொல்கிறார். அதுதான் உறைக்கிறது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சரியானதைச் செய்வது சில நேரம் அதைவிடக் கடினம். கூட்டத்தில் மேலதிகாரி தவறான எண்ணைச் சொல்கிறார், பத்துப் பேர் தலையாட்டுகிறார்கள். அங்கே வாயைத் திறப்பதற்கும் இதே குணம்தான் வேண்டும்.

கெட்டவன் ஒருவன் தன் கொள்கையில் உறுதியாக இருந்தால்? அவனுக்கும் இன்டெக்ரிட்டி உண்டா?

முதல் பதிலில் சொன்ன இரண்டாவது பாதி இதுதான். சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் ‘ஆ லோங்’ சொன்ன சொல் தவறமாட்டான். வெள்ளிக்கிழமை வந்து கதவில் பெயின்ட் ஊற்றுவேன் என்றால் வெள்ளிக்கிழமை வந்து ஊற்றிவிட்டுப் போவான். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒன்று. அவனைப் போய் யார் சால்புடையவன் என்பார்கள்?

‘முழுமை’ என்று மட்டும் சொன்னால் எதன் முழுமை என்ற கேள்வி எழும். அதற்குச் சான்றாண்மை அதிகாரம் பட்டியல் போட்டே பதில் சொல்கிறது (குறள் 983):

அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு
ஐந்துசால் ஊன்றிய தூண்

சால்பு என்ற கட்டடத்தைத் தாங்கும் தூண் ஐந்து. அன்பு, பழிக்கு வெட்கப்படும் நாணம், நாலு பேருக்கு உதவும் ஒப்புரவு, இரக்கம், வாய்மை. பொய் சொல்லாமை ஐந்தில் ஒன்றுதான், அதுவும் கடைசியில் வருகிறது. ஆ லோங்கிடம் அரைத் தூண் இருக்கலாம். ‘நான் உள்ளதை உள்ளபடி பேசுகிறவன்’ என்று மார்தட்டிக்கொண்டு எதிரில் இருப்பவரைக் குத்திக் கிழிப்பவர்களும் இந்தக் குறளை ஒரு முறை படிக்கலாம்.

கட்டடத்துக்கு இச்சொல்லை ஏன் சொல்கிறார்கள்?

உடையாமல் நிற்கும் தன்மையைச் சொல்ல. பொறியாளர்கள் ‘கட்டமைப்பு உறுதி’ என்று தமிழில் சொல்லலாம். சிங்கப்பூரில் இதற்கு ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது, நமக்கு மிகப் பழக்கமான இடத்திலேயே.

1986 மார்ச் 15ஆம் தேதி காலை, சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில், இன்றைய ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஹோட்டல் நியூ வோர்ல்டு என்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் ஓடிவந்து இடிபாடுகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி உதவினார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

விசாரணையில் வெளிவந்த காரணம் நம்ப முடியாதது. உள்ளே வரும் மனிதர்கள், சாமான்கள் ஆகியவற்றின் எடை கணக்கில் இருந்தது. கட்டடத்தின் சொந்த எடை விடுபட்டுப்போயிருந்தது. 1971இல் கட்டி முடித்ததிலிருந்து அது தன் பாரத்தையே தாங்கமுடியாமல் நின்றிருக்கிறது. மேலே சேர்த்த கூடுதல் பாரங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கின. அதன் பிறகு 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு பொறியாளரின் கணக்கை அத்திட்டத்தில் சம்பந்தமில்லாத இன்னொரு தகுதிபெற்ற பொறியாளர் சரிபார்க்கவேண்டும் என்று விதித்தது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒரு முறையும், மற்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும் சோதிக்கிறார்கள்.

நாட்டின் இன்டெக்ரிட்டி, தரவின் இன்டெக்ரிட்டி?

முதலாவது, எல்லை துண்டாடப்படாமல் இருப்பது. ‘ஆட்சி எல்லைக்குட்பட்ட ஒருமைப்பாடு’ என்பார்கள். இரண்டாவது, தகவல் வழியில் மாறாமலும் சிதையாமலும் வந்து சேர்வது. இரண்டிலும் ‘தொடப்படாதது’ என்ற பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூரில் எங்கே திரும்பினாலும் இந்தச் சொல் கண்ணில் படுகிறதே, ஏன்?

உண்மைதான். பொதுச் சேவையின் மூன்று விழுமியங்களில் முதலாவது இது. மற்றவை சேவை, சிறப்பு. காவல்துறையின் விழுமியங்களிலும் உண்டு. இதற்குப் பின்னால் அவமானம் ஒன்று இருக்கிறது.

1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் ஒரு கும்பல் 1,800 ராத்தல் அபினைக் கொள்ளையடித்தது. மதிப்பு ஏறத்தாழ 400,000 வெள்ளி. கொள்ளையர்களில் துப்பறியும் போலீசார் மூவர் இருந்தார்கள். அன்றைக்கு ஊழலை விசாரிக்கும் பொறுப்பு போலீசுக்குள்ளேயே இருந்த ஒரு சிறு பிரிவிடம் இருந்தது. போலீசை யார் விசாரிப்பது? போலீஸ்தான். விசாரணை எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். காலனி அரசு 1952இல் போலீசிலிருந்து தனியாக லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவை அமைத்தது. 1959இல் தன்னாட்சி வந்தது. அடுத்த ஆண்டே ஊழல் தடுப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

புலனாய்வுப் பிரிவு பிரதமரின் கீழ் இயங்குகிறது. சரி, பிரதமரையே விசாரிக்கவேண்டி வந்தால்? அதற்கும் அரசமைப்பில் வழி இருக்கிறது. பிரதமர் சம்மதிக்க மறுத்தாலும், தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் ஒப்புக்கொண்டால் பிரிவின் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம். 1951இல் கற்ற பாடத்தின் நீட்சி இது.

டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியிடும் ஊழல் பற்றிய குறியீட்டில் 2024ஆம் ஆண்டுக்குச் சிங்கப்பூர் 84 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பெற்றது. பெருமைதான். ஆனால் அது பொதுத்துறை ஊழலைப் பற்றி வல்லுநர்களும் வணிகர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதை மட்டும் காட்டுகிறது. நாம் பொய்யாக எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுப்பது அதில் வராது. புலனாய்வுப் பிரிவு எடுத்து விசாரிக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை தனியார் துறையைச் சேர்ந்தவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோப்பிக் காசு கொடுப்பதெல்லாம் லஞ்சமா?

ஆம். தொகை சின்னது என்பதால் தப்ப முடியாது. 2018இல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கொள்கலன்களை எடுக்கவும் திருப்பிவிடவும் வரும் லாரிக்காரர்களைக் காக்கவைக்காமல் இருக்க அவர்கள் வாங்கியது பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் 1 வெள்ளி.

‘இந்தத் தொழிலில் எல்லாரும் கொடுப்பதுதானே, வழக்கம்தானே’ என்ற வாதத்தையும் சட்டம் நேரடியாக அடைத்துவிட்டது. ஒரு தொழிலில் அப்படிக் கொடுப்பது வழக்கம் என்று காட்டும் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தண்டனை உண்டு: 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அரசாங்க ஒப்பந்தம் சம்பந்தப்பட்டால் சிறை ஏழு ஆண்டுவரை போகும். சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் செய்தாலும் இதே சட்டம் பாயும். ஊருக்குப் போகும்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் ‘பார்த்துக்கொள்ளும்’ பழக்கம் உள்ளவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

கோப்பி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புலனாய்வுப் பிரிவு விசாரணைக்குக் கூப்பிடுவதற்கும் இங்கே ‘லிம் கோப்பி’ என்றுதான் பெயர். ஹோக்கியனில் ‘கோப்பி குடிப்பது’. கோப்பிக் காசில் ஆரம்பித்தது கோப்பியிலேயே வந்து நிற்கிறது.

அரசாங்க ஊழியருக்குத் தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுக்கலாமா?

அவர் உங்கள் மைத்துனர் என்றால் தாராளமாக. உங்கள் உரிம விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி என்றால் கொடுக்காதீர்கள், அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வேலைத் தொடர்பால் வரும் அன்பளிப்பை அவர் மறுக்கவேண்டும். மறுக்க முடியாத சூழலில் வாங்கிவிட்டால் துறையில் தெரிவித்து ஒப்படைக்கவேண்டும். 50 வெள்ளிக்குக் குறைவானதாகவும், சேவையின் நேர்மைக்குப் பங்கம் இல்லாததாகவும் இருந்தால் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கலாம்.

அன்பளிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், கடனுக்கும் விதி உண்டு. பிணையில்லாக் கடன் மாதச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டிவிட்டால் அந்த ஊழியர் பண நெருக்கடியில் இருப்பதாகக் கருதப்படுவார். அதை அவர் அறிவிக்கவேண்டும். கடன்காரன் கழுத்தைப் பிடிக்கும்போது மனம் எந்தப் பக்கம் சாயும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ‘ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும்’, அதாவது பெற்ற தாய் பசித்திருப்பதைப் பார்க்க நேர்ந்தாலும், சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று குறள் (656) கேட்பது மிகப் பெரிய விஷயம். எல்லாராலும் முடியாது என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதியாகவே இதை நான் பார்க்கிறேன்.

ஈஸ்வரன் வழக்கு லஞ்ச வழக்கா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் மீது 2024 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்டபோது ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றச்சாட்டுகள் இருந்தன. செப்டம்பரில் அவை மாற்றப்பட்டன. தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவின் கீழ் நான்கு குற்றச்சாட்டுகளையும், நீதிக்கு இடையூறு செய்த ஒரு குற்றச்சாட்டையும் அவர் ஒப்புக்கொண்டார். அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு கேட்டது ஆறிலிருந்து ஏழு மாதம். நீதிபதி கூட்டிக் கொடுத்தார்.

165ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தன் பதவியோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து பொது ஊழியர் விலையில்லாமலோ, குறைந்த விலைக்கோ மதிப்புள்ள பொருளைப் பெறக்கூடாது. பதிலுக்கு எதையாவது செய்து கொடுத்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. லஞ்சத்தில் ஒரு பேரம் இருக்கும். இங்கே பேரம் இல்லாமலேயே குற்றம். ‘இன்டெகெர்’ என்ற சொல்லின் பழைய பொருளோடு, அதாவது தொடப்படாதது என்பதோடு, இந்தப் பிரிவு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பாருங்கள்.

தொடக்கநிலை இரண்டு படிக்கும் மகளுக்கு இதை எப்படி விளக்குவது?

சொல்லை விளக்காதீர்கள். சம்பவத்தைக் கேளுங்கள். ‘எழுத்துக்கூட்டல் தேர்வில் ஆசிரியர் கூட்டும்போது இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டார். நீ என்ன செய்வாய்?’ அந்த வயதில் பெரும்பாலும் உண்மையான பதிலே வரும்: ‘சொல்லமாட்டேன்.’ திட்டவேண்டாம். ‘சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் உனக்கு எப்படி இருக்கும்’ என்று பேச்சை வளருங்கள்.

பிறகு பஃபே கடைக்குப் போய் ஏழு வயதுக்காரியை ‘ஆறு’ என்று சொல்லிக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நேர்முகத் தேர்வில் ‘உங்கள் இன்டெக்ரிட்டிக்கு ஓர் உதாரணம்’ என்று கேட்டால்?

‘கீழே கிடந்த பணப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்’ என்பதைத் தவிர்த்துவிடுங்கள். கேட்பவர் அன்றைக்கே அதை நாலு பேரிடம் கேட்டிருப்பார். வேலையில் சரியானதைச் செய்ததால் உங்களுக்குச் சிறிதாவது நட்டம் வந்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள். தாமதம், வாடிக்கையாளரின் கோபம், போனஸ் குறைந்தது, எதுவாகவும் இருக்கலாம். நட்டம் இல்லாத கதையில் குணம் தெரியாது. நிகழ்வே இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள், கட்டி எழுதாதீர்கள்.

எங்கள் நிறுவனத்தில் ஊழியர்கள் கையெழுத்திடும் ‘இன்டெக்ரிட்டி’ உறுதிமொழியைத் தமிழில் எப்படி எழுதுவது?

‘ஒருமைப்பாட்டு உறுதிமொழி’ என்று மட்டும் போடாதீர்கள். கணினி மொழிபெயர்ப்பில் அப்படி வந்து விழும். தஞ்சாவூரிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு அது இந்திய தேசிய ஒருமைப்பாடு போலத்தான் கேட்கும். ‘நேர்மை உறுதிமொழி’ என்று தலைப்பு வையுங்கள். கீழே குணத்தைப் பற்றி எழுதாமல் செயலை எழுதுங்கள்: வேலை நேரத்தைக் கூட்டி எழுதமாட்டேன், பாதுகாப்புச் சோதனையைச் செய்யாமல் செய்ததாகக் கையெழுத்துப் போடமாட்டேன், பொருள் கொண்டுவருபவரிடம் பணம் வாங்கமாட்டேன், தவறு நடந்தால் மறைக்கமாட்டேன்.

பல உறுதிமொழிகள் தொழிலாளி செய்யக்கூடாததை மட்டும் பட்டியலிடுகின்றன. வேலை கொடுக்கவோ, ஒர்க் பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்கினால், வெளிநாட்டு ஊழியர் வேலைச் சட்டப்படி 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தொழிலாளி மனிதவள அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். அந்த வரியையும் அதே தாளில், அதே எழுத்தளவில், தமிழில் சேர்த்துவிடுங்கள்.